நடப்பவனும் சத்திரமும்

பின்னாலிருந்து யாரோ உதைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ரெட்டியார்சத்திரத்தில், பழனி சாலையில், புறப்பட்டுவிட்ட திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிப்பதற்காக நாலு எட்டு ஓடினேன். மூன்றாவது எட்டில் வலது குதிகாலுக்கு மேலே ‘பட்’டென்று ஒரு சத்தம் கேட்டது. கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். ஆயக்குடிக் கொய்யாவைக் கூடையில் குவித்து வைத்துக்கொண்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைத் தவிர ஈ, காக்கை இல்லை. அவளோ எழுந்து நிற்பதற்கே இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய வயதுக்காரி. என்னை உதைத்தது அவள் அல்ல, என் ஐம்பத்தாறு வயதுதான் என்பது அடுத்த அடி எடுத்து வைத்தபோது தெரிந்தது. பாதம் இருந்தது; தரையை அழுத்தும் சக்தி அதில் இல்லை.

“குதிகால் நாண் அறுந்துவிட்டது” என்றார் திண்டுக்கல்லில் பார்த்த டாக்டர். கெண்டைக்கால் தசையையும் குதிகால் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் கயிறு அது. நம் உடம்பில் உள்ள நாண்களிலெல்லாம் தடித்தது அதுதான். கிரேக்கர்களின் கதையில் ஒரு மாவீரனுடைய தாய், குழந்தையாக இருந்த அவனைக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு தெய்விக ஆற்றில் முக்கி எடுத்தாளாம். பிடித்த இடம் மட்டும் நனையாமல் போனதால் அங்கே அம்பு பட்டு அவன் மாண்டானாம். அந்த அக்கிலீஸ் என்பவனுடைய பெயரையே மேல்நாட்டார் இந்த நாணுக்கு வைத்துவிட்டார்கள். நமக்கு அந்தக் கதை வேண்டியதில்லை. வில்லில் கட்டியிருப்பதை நாண் என்கிறோம்; குதிகாலில் இருப்பதையும் நாண் என்கிறோம். தவறு செய்தவன் முகத்தைக் கவிழ்த்துக்கொள்கிறானே, அதற்கும் நாண் என்றுதான் பெயர். இந்த மூன்றாவது நாணும் எனக்கு வந்து சேர வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. பாதத்தைக் கீழ்நோக்கி மடக்கி வைத்து மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். பக்கத்துக் கட்டிலில் கன்னிவாடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வாய்க்கால் வெட்டும்போது மம்பட்டி நழுவி, எனக்கு எந்த நாண் அறுந்ததோ அதே நாணை அவருக்கும் அறுத்திருந்தது. அவருக்கு இடது கால். எனக்கு வலது கால். “ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டினா ஒரு முழு ஆளு வந்துருவோம்ங்கய்யா” என்று அவர் சொல்ல, நான் சிரித்தேன். துன்பத்தில் இருக்கிறவனுக்கு இன்னொருவன் அதே துன்பத்தில் பக்கத்தில் இருப்பது ஒரு ஆறுதல். அது நல்ல குணமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் மனித குணம்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. என் தங்கை தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். பெரியம்மா பிரண்டைத் துவையல் அரைத்து அனுப்பினாள். சிநேகிதர் ஒருவர் கொல்லி மலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வரவழைத்தார். கிழங்கின் மேலே இருக்கும் ரோமத்தைப் பார்த்தாலே ஆட்டுக்கால்தான் என்று தோன்றும். ஆந்திராவில் உள்ள புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டிருக்கலாமே என்று அங்கலாய்த்தார் மற்றொருவர். அது எலும்பு முறிவுக்கு, இது நாண் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் மருமகப்பிள்ளை சென்னையிலிருந்து வந்தார். அவர் கையில் பளபளக்கும் இரண்டு டப்பாக்கள். கொலாஜன் என்ற புரதப் பவுடராம். நாண் என்பதே பெரும்பாலும் கொலாஜனால் ஆனதுதானாம். ஆகவே அதைச் சாப்பிட்டால் அது அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய கணக்கு.

இந்தக் கணக்கு மருமகப்பிள்ளையுடையது மட்டும் அல்ல, நம் எல்லோருடையதும்தான். காலுக்குக் கால், மூளைக்கு மூளை என்று நாம் காலங்காலமாக நம்பிவருகிறோம். ஆட்டுக்கால் சூப்பும் கொலாஜன் டப்பாவும் உறவுக்காரர்கள். ஒன்று அடுப்படியில் பிறந்தது, மற்றொன்று தொழிற்சாலையில் பிறந்தது என்பதுதான் வித்தியாசம். மாட்டின் எலும்பையும் தோலையும் மீனின் தோலையும் வேகவைத்துப் பிரித்து எடுப்பதுதான் அந்தப் பவுடர். தோல் பதனிடுவதில் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இருந்துகொண்டு நான் தோலிலிருந்து வந்த பவுடரைச் சென்னையிலிருந்து வரவழைத்துக் குடித்தேன்.

பிரயோசனம் உண்டா? கட்டிலில் கிடந்தவனுக்கு வேறு வேலை என்ன? படித்துப் பார்த்தேன். வயிற்றுக்குள் போன கொலாஜன் முழுக் கயிறாக இரத்தத்தில் ஏறுவதில்லை. அது துண்டு துண்டாகச் சிதைந்து, பருப்பும் முட்டையும் சிதைவது போலவே சிதைந்துதான் உடம்பில் சேருகிறது. ‘இது குதிகாலுக்கு’ என்று அதில் விலாசம் எழுதியிருப்பதில்லை. வைட்டமின் சி இல்லாமல் உடம்பு நல்ல கொலாஜனை நெய்ய முடியாது என்பது உண்மை. பழைய காலத்துக் கப்பலோட்டிகளுக்குப் பழம், காய் கிடைக்காமல் ஈறு அழுகி, எப்போதோ ஆறிய காயங்கள்கூடத் திறந்துகொண்டதற்கு அதுதான் காரணம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் சில மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்து அந்த நோயை விரட்டினார். ஆனால் அந்தச் சத்துக்கு டப்பா எதற்கு? என்னை உதைத்ததாக நான் சந்தேகப்பட்ட பாட்டியின் கூடையிலேயே அது இருந்தது. கொய்யாவில் ஆரஞ்சைவிட அதிகமாகவே இருக்கிறது.

2017-இல் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான எட்டு இளைஞர்களுக்கு 15 கிராம் வரை ஜெலட்டினை வைட்டமின் சி-யோடு கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ஆறு நிமிஷம் கயிறு தாண்டச் சொன்னார்கள். 15 கிராம் குடித்த வேளையில், உடம்பு கொலாஜன் நெய்வதைக் காட்டும் ஓர் அடையாளம் இரத்தத்தில் இரண்டு மடங்காயிற்று. டப்பாக்காரர்கள் இந்தச் சோதனையைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் எட்டே பேர். எட்டுப் பேருக்கும் நாண் அறுந்திருக்கவில்லை. அளந்தது இரத்தத்தை, ஆறிய நாணை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம்: அவர்கள் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, கயிறு தாண்டினார்கள். விளம்பரத்தில் பவுடர் இருக்கிறது, கயிற்றைக் காணோம்.

இரண்டு வாரம் கழித்து மாவுக்கட்டை அவிழ்த்துக் கனமான பூட்ஸ் ஒன்றை மாட்டினார்கள். குதிகாலின் கீழே ஆப்பு வடிவத்தில் அட்டைகள். வாரம் ஒன்றாக அவற்றை எடுக்க வேண்டும். அப்போதுதான் இயன்முறை சிகிச்சை கற்ற ஒரு பெண் வந்தாள். என் மகள் வயது இருக்கும். வந்த அன்றே என் பத்தியத்தையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, “எல்லாம் நல்லதுதான் சார். ஆனா நாணுக்குப் பிடிச்ச சாப்பாடு வேறே” என்றாள்.

“என்ன சாப்பாடு அம்மா?”

“இழுப்பு.”

அவள் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. நாண் அறுந்த இடத்தில் உடம்பு முதலில் அவசரத்துக்கு ஒரு ஒட்டுப் போடுகிறது. அந்த ஒட்டில் இழைகள் தாறுமாறாகக் கிடக்கின்றன, குவித்துப் போட்ட தேங்காய் நார் மாதிரி. நார் எவ்வளவு இருந்தாலும் குவியல் கயிறு ஆகாது. ஒரு பக்கம் பிடித்து இழுத்துத் திரித்தால்தான் கயிறு. அதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக இழுப்புக் கொடுத்தால்தான் இழைகள் இழுப்பின் திசையில் வரிசையாகப் படுக்கின்றன. இழுக்காமலே வைத்திருந்தால் ஒட்டு பலவீனமாகவே இருக்கும்; சுற்றியுள்ள சதையோடு பசை போல ஒட்டிக்கொள்ளும். அதிகமாக இழுத்தாலோ அறுந்துவிடும், அல்லது நீண்டு தொளதொளத்துவிடும். நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு; ஆகையால் எல்லாமே மெதுவாக நடக்கும். வாரக் கணக்கு அல்ல, மாதக் கணக்கு. முழுமையாக முறுக்கேற ஒரு வருஷம்கூட ஆகும்.

டாக்டர்களே இதை ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. விரலின் நாண் அறுந்தால், தைத்துவிட்டு அசையாமல் கட்டி வைப்பதுதான் பழைய வழக்கம். விரல் ஆறும்; ஆனால் மடங்காது. 1960-களில் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஹெரால்டு கிளைனெர்ட் என்ற டாக்டர் நகத்தில் ஒரு ரப்பர் வளையத்தைக் கோத்து, தைத்த விரலைச் சில நாட்களிலேயே அசைக்க வைத்தார். நோயாளி விரலை நீட்டுவான். ரப்பர் அதை மடக்கிவிடும். தைத்த நாண் பாரம் தாங்காமலே நகரும். 1967-இல் அவரும் அவருடைய சகாக்களும் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. இன்றைக்கு அந்த வழியில் வந்த முறைகள்தாம் உலகெங்கும் இருக்கின்றன.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர் நாற்றுகள் நினைவுக்கு வந்தன. ரெட்டியார்சத்திரத்தில் அரசாங்கம் நடத்தும் காய்கறி மகத்துவ மையம் ஒன்று உண்டு. இஸ்ரேல் நாட்டின் ஒத்துழைப்போடு அமைத்தது. குழித்தட்டுகளில் தென்னை நார்க் கழிவை நிரப்பி, நிழல் வலைக் கூடாரத்துக்குள் தக்காளி, மிளகாய் நாற்றுகளை வளர்ப்பார்கள். நிழலிலே செழித்த நாற்றை அப்படியே கொண்டுபோய் வெயிலில் நட்டால் மறுநாளே தலை தொங்கிவிடும். நிழலிலேயே வைத்திருந்தாலோ நெடுநெடுவென்று வளர்ந்து நோஞ்சானாகும். ஆகவே நடுவதற்கு முன் சில நாட்கள் தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது சர்வ சாதாரணம். ஆனால் அதே தோட்டக்காரருக்குக் கால் உடைந்தால், ஒன்று, மூன்று மாதம் கட்டிலைவிட்டு இறங்க மாட்டார். அல்லது மூன்றாவது வாரமே வயலில் இறங்கிவிடுவார். நாற்றுக்குக் காட்டும் நிதானத்தை நாம் நமக்குக் காட்டுவதில்லை.

இங்கே ஒரு தத்துவம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. பொறுமை என்றால் சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். முயற்சி என்றால் முட்டி மோதுவது என்று நினைத்திருந்தேன். நாண் இரண்டையும் மறுக்கிறது. நேற்றைக்கு ஏற்றதைவிட இன்று ஒரு பிடி அதிகம். நாளைக்குரியதை இன்றைக்கே எடுக்காமை. இதுதான் அதன் சட்டம். இப்படி யோசித்து எனக்கு நானே மகிழ்ந்துபோனேன். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுக்கும்போதெல்லாம், விதி என்னைக் கொண்டு ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடிக்கச் செய்துவிட்டது என்ற கர்வம் இருந்தது.

அந்தக் கர்வம் எட்டாவது வாரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உடைந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் அங்கே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. அவருடைய மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தைத்த நாண் ஐந்தாம் வாரமே மறுபடி அறுந்துவிட்டது. வலியைப் பொறுத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி கேட்க வந்திருந்தார்.

நான் முன்கதையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியைவிட்டுக் கிளம்பிய அன்று, அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. மருமகப்பிள்ளை கொண்டுவந்த இரண்டு டப்பாக்களில் பிரிக்காத ஒன்று இருந்தது. அதை அவர் கையில் கொடுத்து, “தினமும் ஒரு கரண்டி பாலில் கலந்து குடியுங்கள் தம்பி, நாண் நன்றாக ஒட்டிக்கொள்ளும்” என்று சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். விலையைக் கேட்டார். சொன்னேன். சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

இப்போது வராந்தாவில் அவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் தடுத்து உட்காரவைத்தேன்.

“ஏன் தம்பி, அதற்குள்ளே வேலைக்குப் போனீர்கள்?”

“வெங்காயம் காஞ்சுக்கிட்டு கெடந்துச்சுங்கய்யா. தண்ணி கட்ட ஆளு இல்லை. வீட்டுலயும் அரிசி இல்லை.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஏதோ குற்றம் செய்தவரைப் போல, “நீங்க குடுத்த மாவை ஒரு நாள் விடாமக் குடிச்சேங்கய்யா. அந்தத் தைரியத்துலதான் மம்பட்டியைத் தொட்டேன்” என்றார்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான் கொடுத்ததை வீணாக்கவில்லை என்று எனக்குக் கணக்கு ஒப்பித்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. முன்னே சொன்ன மூன்றாவது நாண் அப்போது வந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்தது தவறா? நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தேன். எண்ணம் நன்றாக இருந்தால் செயலும் நன்மையாகிவிடுமா? டப்பாவைக் கொடுத்தபோது எனக்கு எதுவும் குறையவில்லை. எனக்கு மிஞ்சியதைத்தான் கொடுத்தேன். அவருக்கு வேண்டியது என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், “ரெண்டு மாசம் தண்ணி கட்ட ஆளு வேணும்” என்று சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். பதில் வந்திருந்தால் செலவு வந்திருக்கும். டப்பா என்பது அந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பித்துக்கொள்ள நான் கண்டுபிடித்த வழி.

எனக்கும் அவருக்கும் ஒரே நாண், ஒரே தையல், ஒரே பவுடர். என் நாண் ஏன் ஆறியது? என் தத்துவத்தாலா? எனக்குச் சம்பளத்தோடு லீவு இருந்தது. வீட்டில் சமைத்துப்போட ஆள் இருந்தது. ‘அளந்து சுமை ஏற்று’ என்று நாண் போடும் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதற்கு ஒரு வசதி வேண்டியிருக்கிறது. சுமையை அளக்கும் உரிமை என் கையில் இருந்தது. அவர் சுமையை அளந்தது வெங்காயப் பாத்தியும் அரிசிப் பானையும். பொறுமையில்லாதவர் என்று அவரைச் சொல்வது எவ்வளவு அநியாயம்! அவர் அவசரப்படவில்லை, அவசரப்படுத்தப்பட்டார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது, வெகுநாளைக்கு முன் படித்த ஒரு வேலூர்ச் சரித்திரம் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குக் கிழங்கு வந்த அதே கொல்லி மலையில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட் என்ற ஆங்கில டாக்டர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களை அப்போது ஆபரேஷன் செய்து சரிசெய்ய யாரும் முன்வருவதில்லை. அந்தக் கைகளில் சிறு தசைகள்தாம் செயலற்றுப் போகின்றன, முன்கையின் பெரிய தசைகள் பலமாகவே இருக்கின்றன என்று அவர் கண்டார். பலமான தசை ஒன்றின் நாணை எடுத்து, வேறு வழியாகத் திருப்பி, செயலற்ற விரலில் தைத்தார். பிறகுதான் உண்மையான வேலை. மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த நாண் இப்போது கட்டைவிரலில் இருக்கும். மோதிர விரலை மடக்கு என்று மனம் கட்டளையிட்டால் கட்டைவிரல் அசையும். இந்தப் புதுப் பாஷையை அந்தக் கை வாரக்கணக்கில், பயிற்சியாளரின் துணையோடு கற்க வேண்டும். இந்தப் பணியில் அவரோடு சேர்ந்தவர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்; சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மற்றவர்களுடைய கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-இல் வேலூரில் திறந்த மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் எழுந்தது.

ஆனால் எனக்கு நினைவு வந்தது வேறு சம்பவம். ஆபரேஷனால் கை சீரான ஒருவர் சில காலம் கழித்து மெலிந்துபோய்த் திரும்பி வந்தார் என்று பிராண்டின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. தொழுநோயாளி என்று வேலை தர யாரும் இல்லை. கோணிய கை நேராகிவிட்டதால் பிச்சை போடவும் யாரும் இல்லை. நீங்கள் கொடுத்த கை பிச்சை எடுக்கக்கூட உதவவில்லை என்ற பொருள்பட அவர் முறையிட்டாராம். இன்னொரு டாக்டராக இருந்தால் ‘என் கடமை முடிந்தது’ என்றிருப்பார். பிராண்ட் அப்படி நினைக்கவில்லை. கை கொடுத்தால் மட்டும் போதாது என்று உணர்ந்து, 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்ற பெயரில் குடிசைகளும் தொழிற்கூடமும் எழுப்பினார்கள். ஆபரேஷன் ஆனவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள், பொம்மை செய்தார்கள். கை பழக இடம், பழகும்வரை சோறு, பழகிய பின் தொழில்.

எழுபது வருஷங்களுக்கு முன் வேலூரில் புரிந்துகொண்ட இந்தச் செய்தி இன்னும் நம் ஊர்களுக்கு வந்து சேரவில்லை. அரசாங்கத்தின் காப்பீட்டில் ஏழைக்கும் ஆபரேஷன் நடக்கிறது; அது பெரிய காரியம், மறுக்கவில்லை. திண்டுக்கல் நூற்பாலையில் பதிவான தொழிலாளிக்கு நோய் வந்தால், 1948-இல் பிறந்த ஈ.எஸ்.ஐ. ஏற்பாட்டின்படி ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. அதே ஊரில் நாள்கூலிக்கு மண் வெட்டுகிறவருக்கு அந்த ஏற்பாட்டில் இடம் இல்லை. தைப்பதற்குப் பணம் இருக்கிறது. தைத்தது ஆறுவதற்குப் பணம் இல்லை. விதைக்கு மானியம் கொடுத்துவிட்டுத் தண்ணீரை நிறுத்துவது போன்றது இது.

குணமடைவது யாருடைய வேலை? நோயாளியுடையது என்று சொல்கிறவர்கள் உண்டு. மனஉறுதி வேண்டும், ஒழுங்கு வேண்டும் என்பார்கள். உண்மைதான், எனக்குப் பதிலாக இன்னொருவர் ரப்பர் பட்டையை இழுக்க முடியாது. சமூகத்துடையது என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் உண்மை. இரண்டில் எது என்று வாதாடத் தேவையில்லை. எங்கள் ஊரின் பெயரே விடை சொல்கிறது.

பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கும் ஊர் இது. பழனிக்கு நடந்து போகிறவர்கள் வரும் பாதை. சத்திரம் யாரையும் பழனிக்குத் தூக்கிக்கொண்டு போனதில்லை. நடக்க வேண்டியது நடப்பவன்தான். அதே சமயம், ‘நடக்கத் துணிந்தவன் நடந்து தீர வேண்டும்’ என்று கதவை அடைத்துக்கொண்டதும் இல்லை. திண்ணை கொடுத்தது, சோறு கொடுத்தது, ஓர் இரவு கொடுத்தது. பொருளைவிட அந்த இரவுதான் பெரிய தானம். நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. நாம் சத்திரத்தை விட்டுவிட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டோம்.

மறுவாரம் அவருடைய ஊருக்குப் போனேன், ஊன்றுகோலோடுதான். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரக் கூலியைக் கொடுக்கிறேன் என்றேன். “சும்மா வாங்கித் தின்னா உடம்புல ஒட்டாதுங்கய்யா” என்று மறுத்துவிட்டார். கைமாற்று என்று பெயர் மாற்றினோம், வாங்கிக்கொண்டார். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட அவருடைய பங்காளி ஒருவர் ஒப்புக்கொண்டார். ஏழாவது வாரம் முதல், ஒரு நாற்றுப் பண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி குழித்தட்டில் விதை போடும் வேலை கிடைத்தது. பயிற்சிகளை அந்தப் பெண் தினசரிக் காலண்டரின் தாள்களில் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு நாள் தாளிலும் அன்றைக்கு எத்தனை தடவை என்ற எண் மட்டும் இருக்கும். நாளைக்குரிய எண்ணை இன்றைக்குப் பார்க்கக் கூடாது என்பது அவள் போட்ட கண்டிப்பு. நான் கொடுத்தது சிறிய தொகை அல்ல. பஸ்ஸைப் பிடிக்க ஓடி அறுத்துக்கொண்ட என் காலுக்கு ஆன செலவோடு பார்த்தால் பெரிய தொகையும் அல்ல. இதை எழுதுவது பெருமைக்காக அல்ல. முதல் தடவையே செய்திருக்க வேண்டியதை இரண்டாவது தடவை செய்தவனுக்குப் பெருமை ஏது? ஒருவருக்கு இப்படி ஏற்பாடு செய்தோம். கிராமத்துக்கு ஒருவர் இப்படி இருப்பாரே, அவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை. டப்பா பதில் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

தை மாதம் பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் சாலையில் போய்க்கொண்டிருந்தது. அவரும் நானும் பந்தல் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். குணமானதற்கு ஒரு பரீட்சை உண்டு: அறுந்த காலில் மட்டும் நின்று, குதிகாலை உயர்த்தி, முன்பாதத்தில் எழும்ப வேண்டும். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று தடவை எழும்பினேன். அவர் இரண்டு தடவை எழும்பினார். மூன்றாவது தடவைக்குக் காலை ஊன்றியவர், “இன்னைக்குத் தாள்ல ரெண்டுதான்ங்கய்யா எழுதியிருக்கு” என்று இறக்கிவிட்டார்.

பந்தலுக்குள் யாத்திரிகர்கள் படுத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் ஒவ்வொருவராக எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். எழுந்திருங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வெயில் தாழட்டும், இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத்தான் ஆள் வேண்டியிருந்தது.